சிவப்புக்குக் கீழே ஒரு மஞ்சள்

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே? சிக்னல் என்னன்னு சொல்லுதியா இல்லியா?”

ரயில் ஓட்டுநர் சிவசண்முகம் போட்ட சத்தத்தில் எஞ்சின் இரைச்சலே தோற்றுவிடும். பக்கத்து இருக்கையில் உதவி ஓட்டுநர் ரெனிஷா நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் காலை வண்டி அது. பெட்டி முழுக்கப் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக முருகனைப் பார்க்கப் போகிற கூட்டம். தங்களை இழுத்துக்கொண்டு போகிற இரண்டு பேரும் ஆறு மாதமாக ஜென்மப் பகையில் இருப்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது.

எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற ஒவ்வொரு சிக்னலையும் ஒருவர் கை நீட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் முதலில் சொன்னாலும் சரிதான். சிவசண்முகத்தின் எஞ்சினில் மட்டும் எப்போதும் உதவியாளர்தான் முதலில் சொல்ல வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

அவள் இன்னும் பேசவில்லை. திமிர் பிடித்தவளுக்கு இதுதான் மருந்து என்று அவர் வேகத்தைக் குறைத்தார். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே வண்டி மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தது.

“பச்சை,” என்றாள் கடைசியில்.

“பச்சை,” என்று திருப்பிச் சொல்லிவிட்டு அவர் வேகத்தைக் கூட்டினார். “மூணு நிமிசம் லேட்டு. எல்லாம் ஒன்னாலதான்.”

“நான் சொல்லாட்டா என்ன சார்? நீங்களே பாத்துப் போக வேண்டியதுதான?”

“எதுத்தா பேசுதே?”

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

“இது மூணாவது புகாரு. சிக்னல் சொல்ல மாட்டேங்கான்னு எழுதியிருக்கேன். எறங்குனதும் இன்ஸ்பெக்டர் கையில கொடுத்திருவேன். அடுத்த மாசம் ஒனக்கு ஓட்டுநர் புரமோசனாம்லா? பாத்திருவோம். நீயெல்லாம் ஒங்க ஊரு புன்னக்காயல் கடக்கரையிலயே வலை பின்னிக்கிட்டு இருந்திருக்கலாம்.”

ரெனிஷாவின் முகம் கறுத்தது. மூன்றாவது புகார் போனால் புரமோஷன் கிடையாது. ஏழு வருட உழைப்பு அந்த ஒரு தாளில் போய்விடும். தாளைத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது சிவசண்முகத்துக்கு மனசெல்லாம் இனித்தது.

“சிவப்பு!” என்றாள் அவள் திடீரென்று.

“சிவப்பு,” என்று சொல்லி அவர் பிரேக்கைப் பிடித்தார். ஸ்டேஷனுக்கு வெளியே, சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி அலுங்காமல் நின்றது. அந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தச் சிக்னல் கம்பத்தில் சிவப்புக்குக் கீழே வட்டமான வெள்ளைப் பலகை ஒன்று, அதில் கறுப்பாக ‘சி’ என்ற ஆங்கில எழுத்து. அங்கேயே ஒரு சின்ன மஞ்சள் விளக்கும் உண்டு. காலிங் ஆன் என்பார்கள். மேலே சிவப்பு மாறாவிட்டாலும் அந்த மஞ்சள் எரிந்தால் ‘பையப் பைய உள்ளே வா, முன்னால் எது நின்றாலும் நிறுத்தத் தயாராக வா’ என்று அர்த்தம். அது எரியாமல் ஓர் அடி தாண்டினாலும் தாண்டியவர் வேலைக்கே உலை.

இரண்டு நிமிடம் போனது. காலை வெயில் கண்ணாடியில் நேராக அடித்தது. பின்னால் பெட்டிகளில் அரோகரா சத்தம் ஏறி இறங்கியது.

“என்ன, மறுபடியும் ஊமையாயிட்டியா?” என்றார் அவர்.

ரெனிஷா கை நீட்டினாள். “காலிங் ஆன்.”

“காலிங் ஆன், மஞ்சள்,” என்று சிவசண்முகமும் முறைப்படி கை நீட்டிச் சொன்னார். ஹாரன் அடித்தார். பிரேக்கை விட்டு, வேகக் கைப்பிடியைத் தள்ளினார். வண்டி மெதுவாக நகர்ந்தது.

இரண்டு அடி போயிருக்காது. ரெனிஷா தன் பக்கத்து அவசர பிரேக்கை இழுத்தாள். உஸ்ஸென்று காற்று சீற, வண்டி குலுங்கி நின்றது. அவருடைய தூக்குவாளி உருண்டு போய்க் கதவில் மோதியது.

“ஏட்டி, கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? காலிங் ஆன் கொடுத்த பொறவு எவளாவது பிரேக்கை இழுப்பாளா? இதையும் சேத்து எழுதுதேன், பாரு! புரமோசன் என்ன, இந்த வேலையே ஒனக்குக் கெடையாது!”

அவள் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் முதல் முறையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“அந்த மஞ்சள் ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்சுதா சார்?”

“என்ன கேள்வி கேக்கே? முப்பத்தோரு வருசமாப் பாக்கேன். பளிச்சுன்னு தெரியுது!”

“அது இன்னும் எரியவே இல்ல சார்.”