கொடி கேட்ட நிழல்

பகடை உருட்டி ஆடும் ஒரு கதை விளையாட்டுக்காக ஒரு பென்சில், தாளில் காடு வரைந்துகொண்டிருந்தது. அங்கே வரும் வீரர்களைக் கொல்ல ஒரு கொடி வேண்டும். பென்சில் அதற்கு ஆணி ஆணியாய் முள் வைத்தது, வாய் நிறையப் பல் வைத்தது.

ஆட்டம் தொடங்கியது. வீரர்கள் கொடியைப் பார்த்ததுமே சுற்றுவழியில் போய்விட்டார்கள்.

"இப்படி மிரட்டினா எவன் கிட்ட வருவான்?" என்று கொடி சலித்துக்கொண்டது. "ரப்பரண்ணே, முள்ளையெல்லாம் அழிச்சிடுங்க. பென்சிலண்ணே, எனக்கு நிழலும் பூவும் குடுங்க. கொஞ்சம் வாசனையும்."

வாசனையை வரையத் தெரியாமல் பென்சில் இரண்டு தேனீக்களைப் போட்டுவைத்தது.

அடுத்த ஆட்டத்தில் கொடி வீரர்களிடம், "வெயில்ல வர்றீங்க, செத்த நேரம் உட்கார்ந்துட்டுப் போங்களேன்" என்றது. உட்கார்ந்தார்கள். பூக்கள் மெல்ல உதிர்ந்து அவர்களை மூடின. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"சபாஷ்!" என்று பென்சில் பூரித்துப்போனது. வரைந்து வரைந்து அதன் முனை மழுங்கியிருந்தது.

"உங்களுக்கும் அசதியா இருக்குமே, அண்ணே" என்றது கொடி.

"வேண்டாம், போகாதே!" என்று ரப்பர் கத்தியது.

"செத்த நேரம்தானே" என்று பென்சில் நிழலில் சாய்ந்தது.

காட்டில் பாதி மரங்களுக்கு இன்னும் இலை வரையவில்லை.