கார் நிற்க வேண்டிய இடம்

கொக்கி உள்ளே போகவே மாட்டேன் என்றது.

கர்ட் திருப்பிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், கடைசியில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி வைத்தான். கொக்கிதான் வளைந்தது.

புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம். இன்றைக்கு எப்படியும் கராஜை ஒழுங்குபண்ணிவிடுவது என்று காலையிலேயே ஆரம்பித்து, நீளச் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையான வெள்ளைப் பலகையை அடித்து முடித்திருந்தான். சாமான்களைத் தொங்கவிட வேண்டியதுதான் பாக்கி.

ஆர்விட் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கிடந்த பெட்டிகள் அத்தனையும் அவருடையவை. ஆயுசு முழுக்கச் சேர்த்த தச்சுச் சாமான்கள். கர்ட்டின் மனைவி ஹெய்டியின் கார் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன.

அதனால் கார் வெளியே நின்றது. மினசோட்டாவில் நவம்பர் மாதம்.

விடியுமுன்னே ஹெய்டி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புவாள். கார்க் கண்ணாடியில் உறைந்துபோன பனியை அவள் சுரண்டுகிற சத்தம் கேட்கும். கரக், கரக். ஆர்விட்டுக்குக் கொடுத்திருந்த அறை அந்தப் பக்கம்தான்.

கர்ட்டும் ஹெய்டியும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. 'எங்களோட வந்து இருங்க' என்று அவரைக் கூட்டிவந்தவள் அவள்தான். பெட்டிகளைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இன்று கர்ட்டிடம் பேசிவிடுவது என்று ஆர்விட் முடிவு பண்ணியிருந்தார். 'பெட்டியெல்லாம் வித்துடு தம்பி. முதியோர் குடியிருப்புல ஒரு ரூம் காலியா இருக்காம். நான் அங்க போயிடுறேன்.' ஷேவ் பண்ணும்போது சொல்லிப் பார்த்தார். குரல் நடுங்கவில்லை.

இப்போது வாயைத் திறந்தார்.

கர்ட் இன்னொரு கொக்கியை வளைத்தான்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் ஆர்விட். ஓட்டை சின்னது, கொக்கி பெருசு."

ஆர்விட் பலகையைப் பார்த்தார். கொக்கியின் வால் ஓட்டைக்குள் போய்ப் பின்பக்கம் மேலே ஏற வேண்டும். அதற்குக் கொஞ்சமாவது இடம் வேண்டும். பின்னால் இடைவெளிக்கு மெல்லிய ரீப்பர் கட்டை கொடுத்து அடிக்க வேண்டிய பலகையைச் சுவரோடு சுவராக ஒட்டி இறுக்கியிருந்தான். சாணுக்கு ஒரு ஸ்க்ரூ வேறு.

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார்.

"தம்பி, புயல் வந்து வீடே பறந்தாலும் இந்தப் பலகை மட்டும் இங்கயே நிக்கும்."

கர்ட் முழித்தான். ஆர்விட் எழுந்துபோய்ப் பலகைக்குப் பின்னால் விரல் நகத்தை நுழைக்கப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை.

கர்ட்டின் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது. "ஹெய்டிகிட்ட சொல்லிடாதீங்க."

"ஹெய்டிக்குக் காது நல்லாவே கேக்கும்!" சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. "அவரைக் கேட்டுட்டு அடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?"

ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கட்டை அறுக்க ரம்பம் வேண்டியிருந்தது. ஆர்விட் யோசிக்காமல் தான் உட்கார்ந்திருந்த பெட்டியைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான், இதை மூடியே வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் வந்தது.

பலகை மறுபடி ஏறியது. கொக்கி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

அப்புறம் கர்ட் நிறுத்தவில்லை. ரம்பம், இழைப்புளி, ரசமட்டம், குறடு. ஒவ்வொன்றாக எடுத்து "இது எங்க?" என்று கேட்டுக் கேட்டு மாட்டினான். மாட்டியதும் கறுப்பு மார்க்கரால் அதைச் சுற்றிக் கோடு போட்டான்.

"அது எதுக்கு?"

"எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கணும்ல. நான் வைக்கமாட்டேன்னு எனக்கே தெரியும்."

அழியாத மை. விற்கப்போகிற சாமானைச் சுற்றி யாரும் இப்படிக் கோடு போடமாட்டார்கள் என்று ஆர்விட்டுக்குத் தோன்றியது. ஆனால் இவன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனால், நாளைக்கு வெள்ளைப் பலகையில் வெறும் கோடுகள்தான் மிஞ்சும். இப்போதே சொல்லிவிடுவதுதான் நல்லது.

"கர்ட், நான் ஒண்ணு சொல்லணும்."

"கதவு திறந்திருந்துச்சு, வந்துட்டேன்!"

பக்கத்து வீட்டு வெண்டல். கையில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக் துண்டுகள், புதிதாகக் குடிவந்தவர்களுக்கு. சுவரைப் பார்த்து ஒரு விசில் அடித்தார்.

"யப்பா! இவ்வளவும் உன்னோடதா?"

"என்னோடது வளைஞ்ச கொக்கி மட்டும்தான். மத்ததெல்லாம் இவரோடது."

வெண்டல் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஆர்விட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம். நீங்க யாருக்கு அப்பா? இவனுக்கா, ஹெய்டிக்கா?"

சாதாரணக் கேள்வி. ஆர்விட், தான் போகப்போகிற ஆள்தான் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார்.

கர்ட் திரும்பக்கூட இல்லை. ஒரு பெரிய உளியைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"எங்களுக்கு," என்றான். "அந்தத் தட்டை இப்படிக் கொடுங்க வெண்டல், பசிக்குது."

வெண்டல் தலையாட்டிவிட்டுத் தட்டை நீட்டினார்.

ஆர்விட் முதல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சொல்ல வந்ததை அதோடு சேர்த்து விழுங்கினார்.

அவருக்கு ஒரே பிள்ளை, நீல்ஸ். ஹெய்டியின் முதல் புருஷன். அவனைப் புதைத்து ஐந்து வருஷம் ஆகிறது.

கர்ட் அவனைப் பார்த்ததுகூட இல்லை.