குன்வோர் வண்டியின் தரை

"இந்த வண்டி உங்க கொட்டகைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, சிக்ஸ்டன்!"

ரிக்கார்ட் காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகச் சத்தம் போட்டான். ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு காலி ட்ரெய்லரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

சிக்ஸ்டன் கையைத் துடைத்துக்கொண்டார். "வா தம்பி. காபி போடவா?"

"காபி வேண்டாம். எங்கம்மா வண்டியைக் குடுங்க. அங்கே ஒர்க்‌ஷாப்ல பேசியாச்சு. பத்து நாள்ல முடிச்சுத் தர்றாங்களாம்."

நியாயமான கோபம்தான். ரிக்கார்டின் அப்பா ஓட்டிய அறுபத்தாறாம் வருஷத்து வால்வோ அது. குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு தரைத் தகட்டைத் தின்றுவிட்டது. பிரேக் மிதிக்கிற இடத்தில் குனிந்து பார்த்தால் ரோடு தெரிந்தது. அதனால்தான் அவன் அம்மா குன்வோர் வண்டியைப் பக்கத்து வீட்டு சிக்ஸ்டனிடம் விட்டாள்.

துரு விஷயத்தில் சிக்ஸ்டனை அடிச்சுக்க ஆள் கிடையாது. அவர் கை வைத்த வண்டி என்றால் வருஷாந்திர சோதனை செய்கிற ஆபீசர் குனிந்துகூடப் பார்க்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் எப்போது கேட்டாலும், "இன்னும் ஒரு ஓட்டை இருக்கு" என்றார். கிணற்றில் போட்ட கல் என்று ஊரே சிரித்தது.

"அம்மா பாவம். கடைக்குப் போகணும்னாகூட உங்க டிரக்ல தொத்திக்கிட்டுப் போறாங்க. வேற வண்டி வாங்கித் தர்றேன்னா, 'ஓட்டினா உங்கப்பா வண்டியைத்தான் ஓட்டுவேன்'கிறாங்க."

"ஆமா, பிடிவாதம்."

"அந்தக் காட்டு வீட்டுல வண்டி இல்லாம எப்படி இருக்கறது? என் வீட்டுக்காரி சொல்லிட்டா, அம்மாவால ஓட்ட முடியலைன்னா அன்னிக்கே வீட்டை வித்துட்டு டவுன்ல முதியோர் இல்லத்துல சேர்த்துடணும்னு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. நல்லவேளை, வண்டி இருந்தா அம்மா இன்னும் ஜோராத்தான் ஓட்டுவாங்க."

"நல்லவேளை" என்றார் சிக்ஸ்டன்.

வண்டியை லிஃப்டில் உயர்த்தினார். ரிக்கார்டின் கையில் ஒரு விளக்கையும் ஸ்க்ரூடிரைவரையும் கொடுத்து, கறுப்புப் பூச்சுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டினார்.

"குத்திப் பாரு."

ரிக்கார்ட் லேசாகத்தான் குத்தினான். ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. பழுப்புச் செதில்கள் அவன் சட்டை மேல் கொட்டின.

"ரெண்டு வருஷமா இதைத்தான் ரிப்பேர் பண்ணீங்களா?"

"துரு வளருது தம்பி."

"வளருதா?"

"நாம தூங்கும்போதும் வளரும். அதுக்கு லீவு கிடையாது."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை! பரவாயில்லை, ட்ரெய்லர்ல ஏத்துங்க."

"ஏத்தலாம். இருக்கிற நிலைமைக்கு, இறுக்கிக் கட்டினா நடுவுல மடங்கிடும். முன்பாதி உன்னோட ஸ்டாக்ஹோம் வரும். பின்பாதி இங்கேயே நிக்கும். ரெண்டு ஒர்க்‌ஷாப்புக்கும் வேலை."

ரிக்கார்ட் அந்த ஓட்டையை இன்னொரு தடவை பார்த்தான். அப்பா வண்டி மடங்குவதை நினைத்துப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. விளக்கை வைத்துவிட்டான்.

"ஊர்ல உங்களை ஏமாத்துக்காரன்னு சொல்றாங்க. தெரியுமா?"

"சொல்றாங்களா?"

"நானும் சொல்றேன்."

"சரி."

"எப்பத்தான் முடியும்?"

"வர்ற கோடைக்குப் பார்க்கலாம்."

ரிக்கார்ட் காபி குடிக்காமலே கிளம்பினான். இந்தப் பக்கத்தில் அது காறித் துப்புவதற்கு அடுத்தபடி. சிக்ஸ்டன் அவனுக்காக எடுத்து வைத்த கோப்பையைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

ட்ரெய்லர் சத்தம் அடங்கிய பிறகு குன்வோர் வந்தாள். ஒரு கையால் வேலியைத் தடவிக்கொண்டே வந்தாள். இன்னொரு கையில் ஏலக்காய் ரொட்டிக் கூடை. அதை மேஜை மேல் வைத்தாள். பாதிக் கூடை மேஜைக்கு வெளியே நின்றது. சிக்ஸ்டன் உள்ளே தள்ளி வைத்தார்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"என்ன சொன்னான்?"

"ஏமாத்துக்காரன்னான்."

குன்வோர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். "எனக்காக நீ இன்னும் எத்தனை நாள் கெட்ட பேர் வாங்குவே? கண்ணு சரியில்லைன்னு என் லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்கன்னு அவன்கிட்ட சொல்லித் தொலைச்சிடறேனே."

"சொன்னா வீடு?"

சிக்ஸ்டன் காபியை ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

"என் வீட்டுல எனக்குக் கண்ணே வேண்டாம், சிக்ஸ்டன். கதவு எங்கே, கரண்டி எங்கேன்னு கைக்குத் தெரியும். அந்த இல்லத்துல போய் இறங்கினா, அன்னிக்குத்தான் நான் குருடி."

"அப்போ சும்மா இரு. காபி ஆறுது."

ரெண்டு வாய் குடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆமா, அவனுக்கு எந்த ஓட்டையைக் காட்டினே? போன வருஷமே புதுத் தகடு போட்டாச்சு, மெழுகு அடிச்சாச்சு, இனிமே முப்பது வருஷத்துக்குத் துரு எட்டிப் பார்க்காதுன்னு பீத்திக்கிட்டியே?"

சிக்ஸ்டன் ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டார்.

"அவன் ட்ரெய்லரோட வர்றான்னு நீ போன் பண்ணினே இல்லையா? நான் போட்ட தகட்டை அறுத்து எடுத்துட்டு, புதுசு வெட்ட அளவுக்குன்னு எடுத்து வச்சிருந்த பழைய துருத் தகட்டையே அந்த இடத்துல திரும்ப வெல்டு பண்ணிட்டேன்."