பதில் சொல்லாத பெண்

“அம்மா, எந்த மாடியில இருக்கீங்க?”

பதில் இல்லை.

“புகை உள்ள வந்துடுச்சா? கூட யாராவது இருக்காங்களா?”

அதற்கும் பதில் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த டெக்னீஷியனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கேள்வி கேட்ட ஆணின் குரல் தெளிவாக வந்தது. பதில் சொல்ல வேண்டிய பெண் மட்டும் வாயே திறக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனான். இது பதினெட்டாவது.

நல்லவேளை, எங்கும் தீப்பிடிக்கவில்லை. அது தேர்வுக்காக எடுத்த வீடியோ. அவசர உதவிக்கு வரும் போன்களை எடுத்துப் பேசும் வேலைக்கு, பத்து மணிக்கு இருபத்துநான்கு பேர் தேர்வு எழுத வேண்டும். கேள்வி கேட்பவர் இடது காதில் பேசுவார், தீயில் மாட்டிக்கொண்ட பெண் வலது காதில் பதில் சொல்வாள். அவள் சொல்வதைக் கேட்டு எழுதினால்தான் மதிப்பெண். மணி அப்போது ஒன்பது இருபது.

அந்த அறையில் இருந்தவை முழுக் கணினிகள் அல்ல. ஆளுக்கொரு சின்னப் பெட்டி, ஒரு திரை, ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். மூளை மொத்தமும் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரே சர்வரில். காசு கொடுக்காமல் கிடைக்கும் திறமூல மென்பொருளை வைத்து அவனே கட்டிய ஏற்பாடு.

படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்று ஒரு மாதமாக அவனை அழவைத்துவிட்டது. நேற்று மாலைதான் பிரவுசரில் வீடியோ ஒழுங்காக ஓடியது. இரண்டு காதிலும் கேட்டது.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகிற போக்கில் சர்வருக்கு ஒரு அப்டேட் போட்டான், மறுபடி கேட்டுப் பார்க்கவும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். இதற்கு முன்பு பார்த்த வேலையும் இப்படித்தான் போனது.

இன்று யார் முகத்தில் முழித்தானோ, ஆரம்பமே சரியில்லை. காலையில் வாசலில் ஒரு வேன் தோளை உரசிக்கொண்டு வந்து நின்றது. “ஹாரன் அடிச்சா கொறஞ்சா போயிடுவீங்க?” என்று பாய்ந்தான். “மூணு தடவை அடிச்சிட்டேன் சார்” என்றார் டிரைவர். சண்டை போட நேரமில்லாமல் உள்ளே ஓடிவந்தான்.

வந்ததிலிருந்து இதே கூத்துதான். அப்டேட்டை நீக்கிப் பழையபடி ஆக்கினான். சர்வரை அணைத்து மறுபடி போட்டான். பிரவுசரை மாற்றினான். திரையில் ஒலியை இடம் வலமாகப் பிரிக்கும் பட்டையை வலது கோடிக்குத் தள்ளிப் பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆளும் வாயை மூடிக்கொண்டார்.

போன் அதிர்ந்தது. வலது கை மவுஸில் இருந்ததால் இடது கையில் எடுத்தான். மனைவி.

“டீயைக்கூடக் குடிக்காம ஓடிட்டீங்க. அப்படி என்னங்க அவசரம்?”

“ஒண்ணுமில்ல. நேத்து சாயங்காலம் சின்னதா ஒரு அப்டேட் போட்டேன்.”

“ஓடுற மெஷின்ல இனிமே கைவெக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்க.”

“பண்ணேன்.”

“இந்த வேலையும் போச்சுன்னா எங்கண்ணன் கடையில நீங்களே போய் நின்னு கேட்டுக்கோங்க. நான் வர மாட்டேன்.”

“வெச்சிடு” என்றான்.

பத்தொன்பது, இருபது என்று கடைசி மேஜை வரை போய்விட்டான். இருபத்துநான்காவதிலும் வலது பக்கம் ஊமை. மென்பொருள், வயர், பெட்டி, ஹெட்போன் என்று எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. மாற்றிப் பார்க்க அந்த அறையில் இனி ஒரு சாமானும் மிச்சமில்லை.

கதவைத் திறந்துகொண்டு தேர்வு மையத்தின் பொறுப்பாளர் அம்மாள் வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருபத்துநான்கு பேரும் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் உதட்டை அசைத்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

“என்ன தம்பி, அவங்கள உள்ள விடலாமா?”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

“வேண்டாம் மேடம், தேர்வைத் தள்ளிவெச்சிடுங்க. எந்த மெஷின்லயும் வலது பக்கம் வேலை செய்யல, அந்தப் பொண்ணு பேசுறது கேக்கவே இல்ல. நான்தான் நேத்து அப்டேட் போட்டுக் கெடுத்துட்டேன். என்னை வேலையவிட்டு எடுத்தாலும் சரி, வெளிய நிக்கிறவங்க பாவம்.”

அவர் நேராக அந்தக் கடைசி மேஜைக்கு வந்தார். அவன் கழற்றி வைத்த ஹெட்போனையே எடுத்து மாட்டிக்கொண்டு, வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டார். கடைசி வரை கேட்டார். அவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அடுத்த மெஷினில் கேட்டார். அதற்கடுத்த மெஷினிலும் கேட்டார். வேலை போவதென்றால் சட்டென்று போய்விட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மூன்றாவது ஹெட்போனையும் கழற்றி வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி, எனக்கு ரெண்டு காதுலயும் கேக்குது.”