பென்சில்காரன்

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மலைக்குடிலில் என் மனைவி இங்குன் வேறொருவனோடுதான் இருக்கிறாள். பழைய புத்தகச் சந்தையிலிருந்து நான் வாங்கி வரும் நாவல்களின் ஓரத்தில், பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கும் எவனோ ஒருவன்.

"இதக் கேளேன் ஹால்வார்," என்றாள். "'காபி வேணாங்கிறான் பாரு, இவன்தான் கொலைகாரன்.' கடைசியில அப்படியே ஆச்சு."

"இத யார் வேணா கண்டுபிடிக்கலாம்."

"நீ கண்டுபிடிப்பியா? அந்த மாயாஜாலக் கதையில என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'டிராகன் முந்நூறு பக்கமா தூங்குது. குடுத்து வெச்சது.'"

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"புஸ்தகத்துல கிறுக்கறவனெல்லாம் ஒரு மனுஷனா?"

"பொறாமை உனக்கு. இந்த ஆளோட ஒரு நாள் உக்காந்து பேசணும். உனக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? போய் விறகு எடுத்துட்டு வா."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிக்கூட அவள் என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை.

கொட்டகைக்குப் போனேன். விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அடுத்த துப்பறியும் நாவலை எடுத்து, விட்ட பக்கத்தைத் திறந்தேன். கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதே என்று பென்சிலை வழக்கம்போல் இடது கையில் பிடித்து, ஓரத்தில் எழுதினேன்:

'புருஷன் மேல மட்டும் யாருக்கும் சந்தேகமே வரல.'