ஆறு மணி வரை ஒரு மதியச் சாப்பாடு

"சித்தி, இன்னொரு கிண்ணம் கிம்ச்சி கொண்டாங்க!" என்று கடைக்காரியிடம் குரல் கொடுத்தார் இயக்குநர் தாக். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

வாத்துக் குழம்புச் சட்டியைச் சுற்றி நால்வர் தரைமெத்தையில் அமர்ந்திருந்தனர். ஆய்வுக்குப் பணம் தரும் உணவு நிறுவனத்தின் தாக், அவருக்குக் கீழே சட்டப் பிரிவில் இருக்கும் பியோ, பல்கலைக்கழகப் பேராசிரியை யோம், அவருடைய மாணவி சொல்ஹீ.

கொளுத்தும் கோடையிலும் கிம்ச்சி என்ற காரமான கோசு ஊறுகாயை அளவுக்குமேல் புளிக்க விடாத நுண்ணுயிர் ஒன்றைச் சொல்ஹீ கண்டுபிடித்திருந்தாள். அவளுடைய ஆய்வேடு வெளிவந்தால் குவாங்ஜு சந்தையில் கிம்ச்சி விற்கும் பெண்களுக்கும் அது பயன்படும். ஆனால், இன்று மாலை ஆறு மணிக்குள் நிறுவனம் ஆட்சேபித்தால் ஆய்வேடு வெளிவராமல் பூட்டு விழும் என்பது ஒப்பந்தம். ஆட்சேப மனு பியோவின் பையில் தயாராக இருந்தது. தாக்கின் முத்திரை ஒன்றுதான் பாக்கி.

"ஐயா, அந்த முத்திரை..." என்று இழுத்தான் பியோ.

"சாப்பிடற இடத்துல என்னப்பா ஆபீஸ் பேச்சு? கார்ல பத்திரமா இருக்கு. உன் கிண்ணம் காலியா இருக்கே, நீட்டு."

மூத்தவர் எழாத பந்தியில் இளையவன் எப்படி எழுவான்? பியோ இரு கைகளாலும் கிண்ணத்தை நீட்டினான்.

சொல்ஹீக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் உழைப்பைக் கொல்ல வந்த மனுஷன், ஏப்பம் விட்டுட்டுத்தான் கொல்லுவாராமா?"

"மெதுவாப் பேசுடி," என்றார் யோம். "நம்ம ஆய்வகத்துக் குளிர்பெட்டி அவங்க காசுலதான் ஓடுது."

சட்டியில் மிஞ்சிய குழம்பில் சோறு வறுக்கச் சொன்னார் தாக். அது முடிந்ததும் குளிர்ந்த சேமியா. பிறகு தன் நாய்க்குட்டியின் படத்தைப் பியோவிடம் காட்டினார்.

"மூணு தடவை பாத்துட்டேன் ஐயா."

"மூக்கைக் கவனிச்சியா? இந்தத் தடவை மூக்கை மட்டும் பாரு."

ஐந்தரைக்குப் பியோ பொறுமையிழந்தான். "சாவியைக் குடுங்க ஐயா, ஓடிப்போய் முத்திரையை எடுத்துட்டு வந்துடறேன்."

தாக் ஒவ்வொரு பையாகத் தடவினார். பல்குச்சி வந்தது, நாய் பிஸ்கட் வந்தது, சாவி வரவில்லை. "எங்கேயோ விழுந்துடுச்சுபோல. மேசைக்கு அடியில பாருப்பா."

சட்டம் படித்த பியோ, மேசைக்கடியில் குழந்தைபோலத் தவழ்ந்தான். கடைக்காரியும் விளக்குமாற்றுடன் வந்து தேடினாள். தாக் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சுவர்க்கடிகாரம் ஆறு அடித்தது.

"அப்பாடா, வயிறு நெறைஞ்சுது," என்று எழுந்தார் தாக். அவர் அமர்ந்திருந்த மெத்தையில் கார்ச்சாவி பளபளத்தது.

பியோவின் முகம் வெளிறியது. "ஐயா, நேரம் போயிடுச்சே! தலைமையகத்துக்கு என்ன பதில் சொல்றது?"

"தாக் தின்னே கெடுத்தான்னு சொல்லு. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தவர்முன் சொல்ஹீ குனிந்து நின்றாள். "மன்னிச்சிடுங்க ஐயா. உங்களைப் பெரிய தீனிப்பண்டாரம்னு நெனச்சுட்டேன்."

"அது நெசந்தாம்மா," என்று சிரித்தார் தாக். "உன் ஆய்வேட்டையாவது ஊரே படிக்கட்டும். என்னோடதையும் இந்தக் கம்பெனிதான் பூட்டி வெச்சுது. அதுல என்ன எழுதினேன்னு என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல முடியாம இருபது வருஷமாக் குடும்பம் நடத்தறேன்."