இருமல் நின்ற டஸ்டர்

டஸ்டருக்கு இப்போதெல்லாம் இருமலே வருவதில்லை. முன்பு மரகதவல்லி டீச்சர் பலகை நிறைய எழுதுவார். சாயங்காலம் பிள்ளைகள் டஸ்டரைச் சுவரில் தட்டினால் வராண்டாவே புகையாகிவிடும். இருமி மாளாது. அந்த இருமலும் சுகமாகத்தான் இருந்தது.

இன்றும் டீச்சர் சாக்பீஸை எடுத்ததுமே மேசையிலிருந்து செல்போன் கூப்பிட்டது.

"டீச்சர், சத்துணவு முட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பணுமாம். அப்புறம் வாக்காளர் கணக்கெடுப்பு வேலை பாக்கி இருக்கு."

"பாடம் எப்ப தம்பி நடக்கும்?" என்று கேட்டது டஸ்டர்.

"அதுக்கும் போட்டோ கேட்டிருக்காங்க அண்ணே."

டீச்சர் அவசரமாகப் பாடத்தின் தலைப்பை மட்டும் பலகையில் எழுதினார். போட்டோ எடுத்து அனுப்பினார்.

"பாடம் முடிஞ்சுது," என்றது செல்போன்.

மணி அடித்தது. டீச்சர் தலைப்பை அழித்தார். டஸ்டர் பழைய ஞாபகத்தில் ஒருதரம் இருமிப் பார்த்தது. வரவில்லை.